மனு எழுதச் சொன்ன மன்னன்

1789ஆம் வருஷம் ஜூலை மாதம் 12ஆம் தேதி, ஆர்தர் யங் என்ற ஆங்கிலேய விவசாய நிபுணர் வடகிழக்குப் பிரான்ஸில் மெத்ஸ் நகரை நோக்கிப் பிரயாணம் செய்துகொண்டிருந்தார். மேடான சாலையில் குதிரைக்குச் சிரமம் கொடுக்க வேண்டாமென்று இறங்கி நடந்த அவரோடு, ஓர் ஏழைக் குடியானவப் பெண்ணும் பேசிக்கொண்டே நடந்தாள். முதுகு வளைந்து, உழைப்பினால் முகமெல்லாம் வரிவிழுந்து போயிருந்த அவளைச் சற்றுத் தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் 60 அல்லது 70 வயதுக் கிழவி என்றே சொல்லியிருப்பார்கள். அவளோ தனக்கு 28 வயது என்றாள். அவள் குடும்பத்துக்கு ஒரு துண்டு நிலம், ஒரு பசு, ஒரு சின்னக் குதிரை, ஏழு குழந்தைகள். அந்தத் துண்டு நிலத்துக்காக ஒரு பிரபுவுக்கு வருஷந்தோறும் 42 பவுண்டு கோதுமையும் மூன்று கோழிகளும் கொடுக்க வேண்டும். இன்னொரு பிரபுவுக்கு ஓட்ஸ் தானியமும் ஒரு கோழியும் ஒரு காசும் கொடுக்க வேண்டும். சர்க்காருக்குச் செலுத்தும் வரி இவற்றுக்கெல்லாம் மேலே. யாரோ பெரிய மனிதர்கள் ஏழைகளுக்காக ஏதோ செய்யப்போகிறார்களாம், யார் என்பதும் எப்படி என்பதும் தனக்குத் தெரியாது என்று அவள் சொன்னதை யங் தம் பிரயாண நூலில் எழுதி வைத்திருக்கிறார். அதற்கு இரண்டாம் நாள் பாரிஸில் பஸ்தீல் கோட்டை விழுந்தது.

புரட்சிகளின் காரணத்தைப் பற்றிப் பேசுவோர் சாதாரணமாக இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பார்கள். வறுமை முற்றினால் புரட்சி வெடிக்கும் என்பது ஒரு கட்சி. அமைதியாக இருந்த ஜனங்களைச் சில நூலாசிரியர்களும் மேடைப் பேச்சாளர்களும் கிளப்பிவிட்டார்கள் என்பது மற்றொரு கட்சி. இவ்விரண்டிலும் கொஞ்சம் உண்மை இருப்பினும், அந்தக் குடியானவப் பெண்ணை நினைக்கும்போது இரண்டுமே எனக்குத் திருப்தி அளிப்பதில்லை. அவளுடைய தாயும் பாட்டியும் இதே கோழிகளை இதே பிரபுவின் வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தவர்களே. பட்டினி அவர்களுக்குப் புதிதன்று. ரூஸோ, வால்டேர் ஆகியோரின் நூல்களை அவள் கையால் தொட்டிருக்க மாட்டாள். அப்படியிருக்க, அவள் தலைமுறையில் மட்டும் ராஜ்யம் ஏன் தலைகீழாயிற்று? அவள் வாயிலிருந்து வந்த அந்த ஒரு வார்த்தையில்தான், யாரோ ஏதோ செய்யப்போகிறார்கள் என்ற அந்த நம்பிக்கையில்தான், விடை இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அந்த நம்பிக்கையை விதைத்தவர் ஒரு கலகக்காரரல்லர். சாட்சாத் பிரான்ஸ் தேசத்து மன்னரே.

கதை கஜானாவிலிருந்து தொடங்குகிறது. இங்கிலாந்தை மட்டந்தட்ட வேண்டுமென்ற ஆவலில், அமெரிக்கக் குடியேற்ற நாடுகளின் சுதந்திர யுத்தத்துக்குப் பிரெஞ்சு சர்க்கார் கடன் வாங்கிக் கொட்டிய பணம் நூறு கோடி லிவருக்கு மேல். 1788ஆம் வருஷத்தில் ராஜ்யத்தின் செலவு ஏறக்குறைய 63 கோடி லிவர். அதில் பாதிக்கும் மேற்பட்ட தொகை கடனுக்கும் வட்டிக்குமே போயிற்று. ராணியின் ஆடம்பரமே நாட்டைக் குடித்தது என்று அக்காலத்தில் தெருவெல்லாம் பேசினார்கள்; ஆனால் அரண்மனைச் செலவு முழுவதையும் சேர்த்தாலும் மொத்தத்தில் நூற்றுக்கு ஆறு பங்குதான் வரும். உண்மையான வியாதி வேறிடத்தில் இருந்தது. நிலமும் செல்வமும் யாரிடம் மிகுதியாக இருந்தனவோ அந்தப் பிரபுக்களும் குருமாரும் முக்கியமான வரிகளிலிருந்து விலக்குப் பெற்றிருந்தார்கள். கொடுக்க முடிந்தவன் கொடுக்காமலும், முடியாதவன் கொடுத்துக்கொண்டும் இருந்த ஒரு ராஜ்யத்தில் மந்திரிகள் மாறி மாறி வந்து, விலக்கை நீக்க முயன்று, தோற்றுப் போனார்கள். கடைசியில், 1614ஆம் வருஷத்துக்குப் பிறகு கூட்டப்படாத முப்பிரிவு மகாசபையைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை என்று பதினாறாம் லூயி மன்னர் இசைந்தார்.

கஜானா காலியாகிக்கொண்டிருந்த அதே சமயத்தில் வானமும் வஞ்சித்தது. 1788 ஜூலை 13ஆம் தேதி பாரிஸைச் சூழ்ந்த விளைநிலங்களில் பெருங்கல்மழை பெய்து, அறுவடைக்கு நின்ற பயிரை அடித்துப் போட்டது. அடுத்து வந்த பனிக்காலம் மிகக் கொடியதாக இருந்தபடியால் ஆறுகள் உறைந்தன; நீரோட்டத்தில் சுழலும் மாவு ஆலைகள் நின்றன. பாரிஸில் சாதாரணமாக எட்டு அல்லது ஒன்பது சூ காசுக்கு விற்ற நான்கு பவுண்டு ரொட்டி, 1789 பிப்ரவரியில் பதினாலரைக் காசுக்கு ஏறிற்று. நாள் முழுதும் உழைத்த கூலியாளின் வருமானமோ 20 முதல் 30 காசு. ஒரு ரொட்டி வாங்கிவிட்டால், வாடகைக்கும் விறகுக்கும் மெழுகுவத்திக்கும் என்ன மிஞ்சும் என்பதை எந்த வீட்டுப் பெண்ணும் விரல்விட்டுச் சொல்லிவிடுவாள்.

இந்தப் பசியின் நடுவில்தான், 1789 ஜனவரி 24ஆம் தேதி மகாசபைக்கான மன்னரின் அழைப்புக் கடிதம் வெளியாயிற்று. ராஜ்யத்தின் கடைக்கோடியில், பேர் தெரியாத குடிசையில் இருப்பவனுடைய விருப்பமும் முறையீடும்கூடத் தம்மை வந்து சேர வேண்டும் என்பது மன்னரின் சித்தம் என்று அது கூறிற்று. அதன்படி ஊர் ஊராக மாதா கோயிலில் மணி அடித்து ஜனங்களைக் கூட்டினார்கள். 25 வயது நிரம்பி, வரிப் புத்தகத்தில் பெயர் உள்ள ஆண்கள் வந்து உட்கார்ந்தார்கள்; எழுதத் தெரிந்தவர் ஒருவர், பெரும்பாலும் பத்திரம் எழுதுகிறவரோ பிரபுவின் நியாயாதிபதியோ, பேனாவை எடுத்தார். தலைமுறை தலைமுறையாகத் தலையாட்டியே பழகிய மனிதர்களைப் பார்த்து, உனக்கு என்ன குறை என்று ஒருவர் கேட்டார்! ராஜ்யத்தின் பல்லாயிரம் ஊர்களில், ஒரே பருவத்தில், இந்தக் கேள்வி கேட்கப்பட்டதைப் போன்ற சம்பவம் அதற்கு முன் எந்தத் தேசத்துச் சரித்திரத்திலும் நடந்ததாக நான் வாசித்ததில்லை.

அவர்கள் என்ன சொன்னார்கள்? சுதந்திரம், சமத்துவம் என்ற பெரிய பதங்களை நகரத்து வக்கீல்கள் எழுதினார்கள். கிராமத்து மனுக்களில் வருவனவோ புறாக்கள். பிரபுவின் மாளிகையை ஒட்டிக் கட்டிய புறாமாடத்திலிருந்து கூட்டங்கூட்டமாகப் பறந்துவரும் புறாக்கள், விதைத்த அன்றே விதையைப் பொறுக்கித் தின்றன; அவற்றைக் கொல்லக் குடியானவனுக்கு உரிமை இல்லை. பிரபுவின் வேட்டைக்காக வளர்க்கப்பட்ட முயல்கள் முளையைக் கடித்தன. அவற்றின்மீது கை வைத்தாலும் குற்றம். மிஞ்சியதை அறுத்தால், பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும், பிரபுவின் அடுப்பில்தான் சுட வேண்டும், இரண்டுக்கும் கட்டணம் உண்டு. உப்பு வரியோ எல்லாவற்றிலும் கொடியது. ராஜ்யத்தின் பெரும் பகுதியில், எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவர் பேருக்கும் வருஷத்துக்கு இவ்வளவு உப்பு என்று சர்க்கார் கிடங்கிலிருந்து, சர்க்கார் சொன்ன விலைக்கு வாங்கியே தீரவேண்டும். அந்த உப்பைச் சமையலுக்குப் போடலாம். அதைக்கொண்டு இறைச்சியைப் பதப்படுத்தினால் அபராதம், அதற்கு வேறு உப்பு வாங்க வேண்டும். புரட்சியைப் பற்றித் தத்துவ விசாரம் செய்யும் நூல்களைக் காட்டிலும், பறவையையும் முயலையும் உப்பையும் பற்றிய இந்த எளிய வாக்கியங்களே என் மனத்தை அதிகம் தொடுகின்றன. மன்னர்மீது இவற்றில் கோபம் இல்லை. மன்னருக்குத் தெரியாமல் நடக்கிறது, தெரிந்தால் தீர்த்துவிடுவார் என்ற நம்பிக்கையோடுதான் எழுதினார்கள்.

ஆராய்ச்சி மணியைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, ஜனங்கள் வந்து கயிற்றைப் பிடித்த கணத்தில் அதை அறுத்ததுதான் அந்த அரசு செய்த மகா பாதகம். மே 5ஆம் தேதி வெர்ஸேயில் சபை கூடிற்று. பொதுமக்களாகிய மூன்றாம் பிரிவினருக்குப் பிரதிநிதிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கிக் கொடுத்த மன்னர், வாக்கைத் தலைக்கு ஒன்றாக எண்ணுவதா, பிரிவுக்கு ஒன்றாக எண்ணுவதா என்பதைத் தீர்மானிக்காமலே விட்டிருந்தார். பிரிவுக்கு ஒன்று என்றால் பிரபுக்களும் குருமாரும் சேர்ந்து எப்போதும் இரண்டுக்கு ஒன்றாக ஜெயிப்பார்கள். இரட்டிப்பு எதற்கும் உதவாது. இந்த வாதத்திலேயே ஆறு வாரம் கழிந்தது. ஜூன் 20ஆம் தேதி காலை மூன்றாம் பிரிவினர் மண்டபத்துக்கு வந்தபோது கதவு பூட்டியிருந்தது, வாசலில் சிப்பாய்கள் நின்றார்கள், மழை பெய்துகொண்டிருந்தது. அருகிலிருந்த பந்தாட்டக் கூடம் ஒன்றில் புகுந்து, தேசத்துக்கு ஓர் அரசியல் சட்டம் செய்து முடிக்கும் வரையில் கலைவதில்லை என்று சபதம் செய்தார்கள். அதற்குப் பிறகும் மன்னர் நேர்வழிக்கு வரவில்லை. வாயால் சமாதானம் சொல்லிக்கொண்டே பாரிஸைச் சுற்றிப் பட்டாளங்களைக் குவித்தார். ஜூலை 11ஆம் தேதி, ஜனங்கள் நம்பியிருந்த நிதிமந்திரி நெக்கரை நீக்கினார். ஜூலை 14ஆம் தேதி ஜனங்கள் தாக்கிய பஸ்தீல் கோட்டைக்குள் அன்று இருந்த கைதிகள் ஏழே பேர். அவர்களை விடுவிக்க மட்டும் பாரிஸ் ஜனங்கள் உயிரைக் கொடுக்கவில்லை; தங்கள்மேல் ஏவப்பட்டிருந்த படையை எதிர்க்க வெடிமருந்து தேடிப் போனார்கள்.

கொடிய அரசுக்கு மிகவும் அபாயமான தருணம், அது தன்னைச் சீர்திருத்திக்கொள்ளத் தொடங்கும் தருணமே என்று பிரெஞ்சு அறிஞர் டோக்வில் 1856இல் வெளியிட்ட தம் நூலில் வாதித்தார். ஆழ்ந்த கூற்றுத்தான். ஆனால் அதையே பிடித்துக்கொண்டு, சலுகை கொடுத்தால் கெட்டோம் என்று அதிகாரத்தில் இருப்போர் பாடம் கற்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. லூயியைக் கெடுத்தது கொடுத்த சலுகையன்று. கொடுத்த வாக்கைப் பாதியில் திருப்பிக்கொண்டதே அவரைக் கெடுத்தது. 1905 ஜனவரியில் ருஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரத்துத் தொழிலாளர்கள் தங்கள் ஜார் சக்கரவர்த்தியின் படங்களையும் தெய்வ உருவங்களையும் ஏந்திக்கொண்டு, கையில் மனுவோடு அரண்மனையை நோக்கிப் போனார்கள், அவர்களைச் சுட்டார்கள். கலவரம் பரவியபின் ஜார் ஒரு பிரதிநிதி சபையைக் கொடுத்தார்; கூடிய சுமார் 70 நாளில் அதைக் கலைத்தார். 1917இல் பெண் தொழிலாளிகள் ரொட்டி கேட்டு மறுபடி தெருவுக்கு வந்தபோது எவர் கையிலும் மனு இல்லை, எவரும் ஜாரின் படத்தைத் தூக்கி வரவில்லை. இங்கிலாந்தில் முதலாம் சார்லஸ் 1628இல் பார்லிமெண்டின் உரிமை மனுவை ஏற்றுக்கொண்டு, மறுவருஷமே பார்லிமெண்டைக் கலைத்துப் பதினொரு வருஷம் தன்னிச்சையாக ஆண்டதையும் இதே வரிசையில் வைக்கலாம்.

மறுபடி பிரான்ஸுக்கும், புரட்சியின் விளைவுகளுக்கும் வருவோம். 1789 ஆகஸ்ட் 4ஆம் தேதி இரவு, தேசிய சபையாகிவிட்ட அந்த மகாசபையில் பிரபுக்களே எழுந்து நின்று தங்கள் பரம்பரை உரிமைகளைத் துறந்தார்கள். கிராமங்களில் குடியானவர்கள் மாளிகைகளுக்குள் புகுந்து பத்திரங்களைக் கொளுத்துகிறார்கள் என்ற செய்தியே அந்தத் தியாகத்துக்குத் தூண்டுகோல் என்பது மெய். ஆயினும் அவ்விரவை அற்பமாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை. புறாமாட உரிமை ஒழிந்தது. வேட்டை உரிமை ஒழிந்தது. பிரபுவின் நீதிமன்றம் ஒழிந்தது. ஆனால் நிலத்தைப் பற்றிய குத்தகைக் கடமைகளை மட்டும் சும்மா விட்டுவிடவில்லை. குடியானவன் அவற்றை விலை கொடுத்து மீட்டுக்கொள்ள வேண்டும் என்றார்கள். பணமாகக் கொடுத்துவந்ததற்கு இருபது வருஷத் தொகை, தானியமாகவோ கோழியாகவோ கொடுத்ததற்கு இருபத்தைந்து வருஷத்துத் தொகை என்று 1790இல் கணக்கும் போட்டுக் கொடுத்தார்கள். யங் சந்தித்த பெண், தன் குடும்பம் காலங்காலமாகக் கொடுத்துவந்த கோழிகளுக்கு மேல் இன்னும் இருபத்தைந்து வருஷத்துக் கோழிகளின் விலையை ஒரே தொகையாகக் கட்டினால்தான் விடுதலை! பல ஊர்களில் குடியானவர்கள் கட்டவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. அவர்களது பிடிவாதத்தின் பயனாகவே, 1793 ஜூலை 17ஆம் தேதி, நஷ்டஈடு ஏதுமின்றி எல்லாக் கடமைகளும் ரத்தாயின.

அந்த ஆகஸ்ட் தீர்மானங்களுக்கு மன்னரின் சம்மதம் வாங்கிக் கொடுத்தவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். சபையின் வாக்குவன்மையால் அது கிடைக்கவில்லை. அக்டோபர் 5ஆம் தேதி, பாரிஸ் சந்தைக்காரிகளும் வீட்டுப் பெண்களுமாக ஆயிரக்கணக்கானோர், ரொட்டி இல்லாத காலையில் புறப்பட்டு, கொட்டுகிற மழையில் பன்னிரண்டு மைல் நடந்து வெர்ஸேய் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் வாசலில் நின்ற இரவில்தான் மன்னர் தம் சம்மதத்தைக் கொடுத்தார். மறுநாள் மாவு வண்டிகளோடு மன்னர் குடும்பத்தையும் பாரிஸுக்கு அழைத்து வந்தார்கள். ஆனால் சபை வகுத்த வாக்குரிமையில் அந்தப் பெண்களில் ஒருத்திக்கும் இடமில்லை. மூன்று நாள் கூலிக்குச் சமமான வரி கட்டாத ஆண்களுக்கும் இல்லை. 1791 ஜூனில் சபை உறுப்பினர் லெ ஷாபலியே கொண்டுவந்த சட்டம், கூலி உயர்வுக்காகத் தொழிலாளர் ஒன்றுசேர்வதையே குற்றமாக்கியது. பிரான்ஸில் தொழிற்சங்கம் சட்டபூர்வமாவதற்கு 1884 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1795 மே மாதத்தில் பசித்த ஜனங்கள் ரொட்டி கேட்டுச் சபைக்குள் புகுந்து அடக்கப்பட்டபின், தெருவில் ஐந்து பெண்களுக்கு மேல் கூடி நிற்கக் கூடாதென்றும் உத்தரவு பிறந்தது. பூட்டிய கதவின் முன் மழையில் நின்றவர்களே, கதவுக்கு உள்ளே போனதும் பூட்டைத் தேடினார்கள். புரட்சி சர்க்கார் நடத்திய பயங்கர ஆட்சியின் பதினேழாயிரம் மரண தண்டனைகளைக் காட்டிலும் இதுவே என்னை அதிகம் துக்கப்படுத்துகிறது. அந்தப் பதினேழாயிரத்திலும் பிரபுக்களும் குருமாரும் சேர்ந்து ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே. மற்றவர்கள் சாமானிய ஜனங்கள்.

கடலுக்கு அப்பால், பிரெஞ்சு ஆதிக்கத்திலிருந்த ஸான் டொமிங் தீவுப் பகுதியில் இக்கதை இன்னும் கடுமையாக நடந்தது. சர்க்கரையும் காப்பியும் விளைவித்துப் பிரான்ஸைக் கொழிக்கச் செய்த அத்தீவில் ஏறக்குறைய ஐந்து லட்சம் கறுப்பர்கள் அடிமைகளாக இருந்தார்கள். மனிதர் எல்லோரும் சுதந்திரராகப் பிறந்து சமமாக இருக்கிறார்கள் என்று பாரிஸில் பிரகடனம் செய்த சபை, அவர்களைப் பற்றி மௌனம் சாதித்தது. சொத்துள்ள கலப்பினத்தவருக்காவது வாக்குரிமை வேண்டுமென்று பாரிஸில் மன்றாடிய வென்ஸான் ஓஜே, பலன் காணாமல் தீவுக்குத் திரும்பி ஆயுதம் எடுத்தார். 1791 பிப்ரவரியில் அவரைச் சக்கரத்தில் கட்டி எலும்பை முறித்துக் கொன்றார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் வடக்குச் சமவெளியின் கரும்புத் தோட்டங்கள் தீப்பற்றின. அடிமைகளே எழுந்துவிட்டார்கள். 1794இல் பாரிஸ் சபை அடிமைமுறையை ஒழித்தது. 1802இல் நெப்போலியன் அதை மீட்கப் பார்த்தார், கறுப்பர்களின் தலைவர் டூஸான் லூவெர்த்யூரைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பனிமலைக் கோட்டைச் சிறையில் சாகவிட்டார். ஆயினும் 1804 ஜனவரி முதல் தேதி ஸான் டொமிங், ஹெய்ட்டி என்ற பெயரில் சுதந்திர தேசமாயிற்று.

அந்தச் சுதந்திரத்துக்கும் ஒரு மீட்புத் தொகை கேட்டார்கள். 1825 ஏப்ரலில், புரட்சியில் சிரச்சேதம் செய்யப்பட்ட லூயியின் தம்பி பத்தாம் சார்லஸ் பிரான்ஸில் அரியணையில் இருந்தார். ஒரே மாதத்தில் இரண்டு காரியங்கள் செய்தார். புரட்சியில் நிலத்தை இழந்த பிரபுக்களுக்கு நஷ்டஈடு கொடுக்கச் சட்டம் செய்தார். அடிமைகளையும் தோட்டங்களையும் இழந்த முதலாளிகளுக்காக ஹெய்ட்டி 15 கோடி பிராங்க் கட்ட வேண்டுமென்று ஆணையிட்டு, அந்த ஆணையோடு போர்க்கப்பல்களையும் அனுப்பினார். தங்கள் உடம்புக்கும் உயிருக்கும் விலையாக, முன்பு தங்களை விலைக்கு வாங்கியவர்களுக்கே விடுதலை பெற்றவர்கள் பணம் கட்டினார்கள். முதல் தவணைக்கே பிரெஞ்சு வங்கியில் கடன் வாங்கினார்கள். தொகை பின்னர் ஒன்பது கோடியாகக் குறைக்கப்பட்டபோதிலும், அதன் பொருட்டு ஏற்பட்ட கடன்களின் பாரம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அந்த ஏழைத் தேசத்தின் முதுகில் இருந்தது. ஒரு புரட்சியின் செலவை யார் கொடுத்தார்கள் என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு, சுதந்திரம், சமத்துவம் என்ற அந்தச் சொற்கள் பொய்த்துப் போயினவா என்றால், இல்லை என்றே சொல்வேன். பாரதியார் ஆசிரியராக இருந்த 'இந்தியா' பத்திரிகை சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்று பதங்களையும் தன் முகப்பில் தாங்கி வந்தது. ஆங்கிலேய சர்க்காரின் கெடுபிடியால் அப்பத்திரிகை சென்னையை விட்டுப் புகலிடம் தேடிப் போனதும் பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரிக்கே. பாரிஸ் சபையார் தங்கள் வீட்டுப் பெண்களுக்கும் தீவிலிருந்த கறுப்பர்களுக்கும் கொடுக்க மறுத்த சொற்களை, அவர்கள் பேர்கூடக் கேட்டிராத ஜனங்கள் தங்களுடையவையாக எடுத்துக்கொண்டார்கள்.

மெத்ஸ் சாலையில் நடந்த பெண்ணின் பெயர் யங்கின் நூலில் இல்லை. அவளைப் போன்ற லட்சக்கணக்கான குடியானவப் பெண்களின் வீட்டில் 1793க்குப் பிறகு கோழிகள் தங்கள் முற்றத்திலேயே மேய்ந்தன. பிரபுவுக்குப் போன கோதுமை தங்கள் வீட்டிலேயே தங்கிற்று. தகப்பன் சொத்தில் மகனுக்கு உள்ள பங்கு மகளுக்கும் உண்டு என்று சட்டமும் வந்தது. பிறப்பு இறப்புகளை எழுதும் புத்தகத்தை 1792இல் மாதா கோயிலிலிருந்து எடுத்து ஊர்ச் சபையின் பொறுப்பில் வைத்தார்கள். 1798இல், 20 முதல் 25 வயது வரை உள்ள இளைஞர்கள் பட்டாளத்துக்கு வர வேண்டுமென்ற சட்டம் பிறந்தபோது, எவன் எந்த வருஷம் பிறந்தான் என்று சர்க்கார் அதிகாரிகள் தேடியதும் அந்தப் புத்தகத்தில்தான். 1789இல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த வயதுப் பிள்ளைகள் 20 வயதை எட்டிய காலம், நெப்போலியன் ஆஸ்திரியாவுக்கும் ஸ்பெயினுக்கும் ருஷ்யாவுக்கும் சேனை கூட்டிக்கொண்டிருந்த காலம்.